எத்தனை கிலோமீட்டர் தாங்கியது என்றும் சொல்லுங்கள்: மாஸ்டா ஆர்எக்ஸ்-7 உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எஃப்டி (மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7) உரிமையாளர்களே,

உங்களிடையே ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. புதிய டர்போவை மாட்டி, காரைத் திறன் அளக்கும் டைனோவில் ஏற்றி, அச்சாகி வரும் தாளைக் கையோடு படமெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புகிறீர்கள். தாளில் 400 என்றோ 450 என்றோ ஒரு குதிரைத்திறன் எண். பாராட்டு குவிகிறது. அதே எஞ்சின் சில மாதங்களில் பட்டறைத் தரையில் பிரிந்து கிடந்தால், அதைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. சிலர் காருக்கு உறை போட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். சிலர் சத்தமில்லாமல் விற்றுவிடுகிறார்கள். அந்த 450 மட்டும் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புதிதாக எஃப்டி வாங்கியவர் அதை நம்பித்தான் அடுத்த டர்போவுக்கு முன்பணம் கட்டுகிறார்.

அந்தப் புதியவரின் சார்பில்தான் இந்த மடல் பேசுகிறது. அவருக்கு உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே என்பதால் உங்களை நோக்கி எழுதப்படுகிறது.

இந்தக் காரைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1991 முதல் 2002 வரை வந்த வண்டி. 13பி என்னும் ரோட்டரி எஞ்சினில் ஒவ்வொன்றும் 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போக்கள், ஆரம்பத்தில் 255, கடைசியில் 280 குதிரைத்திறன். இவையெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மேம்பாட்டுக்குப் பணம் ஒதுக்கும்போது உங்களில் பலர் மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. உங்களிடம் இருப்பவற்றில் மிக இளைய காருக்கே இருபது வயது தாண்டிவிட்டது. மூத்தவை முப்பதைக் கடந்துவிட்டன. உள்ளே இருக்கும் ரப்பர் குழாய்களுக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளுக்கும் அதே வயது. கிலோமீட்டர் குறைவாக ஓடியது என்பதால் ரப்பர் காயாமல் இருப்பதில்லை.

பெரும்பாலோர் முதலில் கை வைப்பது சைலன்சரில். சத்தம் கம்பீரமாகிறது, கொஞ்சம் திறனும் கூடுகிறது, போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலைதான். இதில் ஆபத்து எங்கே இருக்கப்போகிறது என்று தோன்றும். எஃப்டியில் ஆபத்து தொடங்குவதே அங்கேதான். தொழிற்சாலை வைத்த குறுகலான புகைபோக்கி அமைப்பு டர்போவுக்கு ஒரு கடிவாளமாகவும் இருந்தது. புகையைச் சுத்திகரிக்கும் முன் கன்வெர்ட்டர், நடுக் கன்வெர்ட்டர், சைலன்சர் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அகலமான குழாயைப் பூட்டினால், கழிவு வாயு தடையின்றிப் பாய்கிறது, டர்பைன் வேகமெடுக்கிறது. வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தும், அதன் துவாரம் சிறியது என்பதால், மிஞ்சிய வாயுவைத் திருப்பிவிட முடிவதில்லை. சுமார் 0.7 பாரில் நிற்க வேண்டிய பூஸ்ட் தானாகவே மேலே ஊர்கிறது. நீங்கள் பூஸ்ட்டைக் கூட்டும்படி எதையும் திருகவில்லை. ஆனாலும் அது கூடிவிட்டது.

அந்தக் கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கணக்கு பழைய கணினியில் இல்லை. கலவை மெலிந்தால், அது கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் வரும். பிஸ்டன் எஞ்சினில் நாக்கிங் என்பது பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை. காதில் விழும், காலை எடுத்துவிடலாம். ரோட்டரியில் அந்த அவகாசம் கிடைப்பது அரிது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருப்பவை 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சீல்கள். ஒரு பலத்த அடி போதும், சீல் உடையும். உடைந்த துண்டு அங்கேயே கிடக்காது. ஹவுசிங்கின் குரோம் பூசிய உட்சுவரைக் கீறிக்கொண்டு, புகைபோக்கி வழியாக வெளியேறி, போகிற போக்கில் டர்பைன் இறகுகளையும் பதம்பார்த்துவிட்டுப் போகும். ‘சைலன்சர்தான் மாற்றினேன், வேறெதுவும் செய்யவில்லை’ என்று சொல்லும் உரிமையாளருக்கு ஹவுசிங், ரோட்டர், டர்போ மூன்றுக்கும் சேர்த்துப் பட்டியல் வருவது இப்படித்தான்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. டர்போவை ஒட்டி நிற்கும் அந்த முன் கன்வெர்ட்டர் எஞ்சின் அறைக்குள் வெப்பத்தைத் தேக்கிவைக்கிறது. வயதானால் அடைத்தும் கொள்கிறது. அதை எடுத்துவிட்டு வெறும் குழாய் (டவுன்பைப்) போடுவதை நம்பகத்தன்மைக்கான வேலையாகவே பழைய எஃப்டி மெக்கானிக்குகள் சொல்வார்கள். (சாலையில் ஓடும் வண்டியில் அப்படி எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆக ஒரே உதிரிபாகம் எஞ்சினைக் காப்பாற்றவும் செய்யும், அதனோடு சேர்ந்து வருவதைப் பொறுத்துக் கொல்லவும் செய்யும். பின்னால் நடுக் கன்வெர்ட்டர் இருக்கிறதா, வேஸ்ட்கேட் துவாரம் பெரிதாக்கப்பட்டதா, பூஸ்ட் மீட்டர் கண்முன்னே இருக்கிறதா, மாற்றி எழுதக்கூடிய கணினி வந்துவிட்டதா என்ற கேள்விகள் இல்லாமல் ‘டவுன்பைப் போடு, 20 குதிரை கிடைக்கும்’ என்று புதியவருக்குச் சொல்வது பாதி வைத்தியம்.

வெப்பத்தைப் பற்றி நீங்கள் பேசுவது அதைவிடக் குறைவு. அமுக்கப்பட்ட காற்று சூடாகும். 30 டிகிரி வெயிலில் உள்ளே வரும் காற்றை 0.7 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினால், கம்ப்ரஸரின் செயல்திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, வெளியே வருவது சுமார் 100 டிகிரி. அதையே 1 பாருக்கு ஏற்றினால் சுமார் 125 டிகிரி. அந்தக் கூடுதல் 25 டிகிரியையும் உள்வாங்க வேண்டியது, தொழிற்சாலை பூஸ்ட்டுக்கே திணறிய அதே சிறிய இன்டர்கூலர். பெட்ரோல் கூடுதலாக எரிகிறது. கழிவு வாயு கூடுதலாகச் சுடுகிறது. எண்ணெயும் கூலன்ட்டும் அந்தச் சுமையைத் தூக்குகின்றன. ரோட்டரியில் எரிதல் எப்போதும் ஹவுசிங்கின் ஒரே பக்கத்தில் நடப்பதால் அந்தப் பக்கம் ஓயாமல் சுடும், மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும். ஒருமுறை கொதித்துவிட்டால் ஹவுசிங்குகளுக்கு நடுவே உள்ள கூலன்ட் சீல் போய்விடும். பிறகு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை.

இத்தனைக்கும் டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி உங்களுக்கு உதவாது. எஃப்டியின் முள் ஒரு பெரிய வெப்ப எல்லை முழுக்க நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது; அது நகரத் தொடங்கும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். ரேடியேட்டர் விசிறிகளோ கூலன்ட் 105 டிகிரியைத் தாண்டிய பிறகே சுழலத் தொடங்கும்படி வைக்கப்பட்டவை. கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வயதானால் வெடிக்கும் என்பது உங்கள் வட்டத்தில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. ஆனாலும் அலுமினியத் தொட்டி, அலுமினிய ரேடியேட்டர், குறைந்த வெப்பத்தில் விசிறியை ஓட்டும் சுவிட்ச், உண்மையான எண்ணைக் காட்டும் வெப்பமானி ஆகியவற்றை மாட்டியவர் எவரும் அதற்காகப் பாராட்டு வாங்கியதாகத் தெரியவில்லை. டைனோ தாளில் இவை ஒரு குதிரையைக்கூடக் கூட்டிக் காட்டாதல்லவா!

டைனோவின் இயல்பையும் யோசித்துப் பாருங்கள். பானெட் திறந்திருக்கிறது, எதிரே பெரிய விசிறி வீசுகிறது, ஒரு ஓட்டம் பத்துப் பதினைந்து விநாடி, பிறகு ஆறவிடுகிறார்கள். அதில் வந்த 450 அந்தப் பதினைந்து விநாடிக்கு மெய். ரேஸ் டிராக்கில் இருபது நிமிடம், மதிய வெயிலில், நேர் ஓடுபாதைகளில் காலை முழுதாக அழுத்தி ஓட்டும்போதும் அது மெய்யாக இருக்குமா என்று அந்தத் தாள் சொல்வதில்லை. சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினில் இருப்பதாகக் கணக்கிட்டதா, வெப்பநிலைத் திருத்தம் எப்படிப் போட்டார்கள் என்பவை வேறு. ஒரே காரை இரண்டு டைனோக்களில் ஏற்றினால் இரண்டு எண் வருவதும் நீங்கள் பார்த்ததுதான்.

உங்களில் சிலருக்கு டொயோட்டா சூப்ரா வைத்திருக்கும் நண்பர்கள் இருப்பார்கள். ‘அவன் கீழ்ப்பகுதியைத் தொடவே இல்லை, 600 எடுக்கிறான்’ என்ற பேச்சு உங்களைத் தூண்டியிருக்கும். சூப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின் வேறு பிறவி. வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங், 8.5 என்ற குறைந்த கம்ப்ரஷன். டொயோட்டா அமெரிக்காவில் 320 குதிரைத்திறன் என்று விற்ற எஞ்சினில் ஏராளமான மிச்சத்தை உள்ளேயே விட்டுவைத்திருந்தது. அந்த மிச்சம் உங்கள் 13பி-யில் இல்லை. அந்த நண்பரும் முழுக்கதையைச் சொல்கிறவர் இல்லை என்பது வேறு. ஜப்பானியச் சந்தை சூப்ராவில் வந்த டர்போக்களின் டர்பைன் பீங்கானால் ஆனது. பூஸ்ட்டை ஏற்றினால் உடைந்து சிதறும். நிஸான் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினிலும் அதே பீங்கான் கதைதான். கூடவே, ஆரம்பகால ஆர்32 கிராங்க்கில் எண்ணெய்ப் பம்ப்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதி குறுகலானது. அதிக சுழற்சியில் பம்ப் உடைந்தால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். நிஸானே பிறகு அதை அகலமாக்கியது. ‘எதையும் தாங்கும்’ என்று பெயரெடுத்த எஞ்சின்களுக்கும் தாங்காத இடம் ஒன்று உண்டு. அது எங்கே என்று தெரிந்துகொண்டவர்களின் வண்டிகள்தான் இன்னும் ஓடுகின்றன.

வாரன்ட்டி கொடுக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் திறனை எப்படிக் கூட்டுகிறார்கள் என்று பார்ப்பது உங்களுக்குப் பயன்படும். பிஎம்டபிள்யூவின் பி58 எஞ்சினோடு வந்த புதிய ஜிஆர் சூப்ராவுக்கு அமெரிக்கச் சந்தையில் முதலில் 335 குதிரைத்திறன். 2021 மாடலில் அது 382. இடையில் உள்ள 47 குதிரையை ஒரு மென்பொருள் கோப்பை மாற்றிக் கொடுத்திருக்கலாம். வெளியே டியூனர்கள் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை என்ன செய்தது? பிஸ்டன்களை மாற்றி வடிவமைத்தது. கம்ப்ரஷனை 11-இலிருந்து 10.2-க்குக் குறைத்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் புதிதாகச் செய்தது. உங்கள் மாஸ்டாவே 2004-இல் எம்எக்ஸ்-5-க்கு டர்போ வைத்து விற்றபோது, கூடிய திறன் 40 குதிரைகூட இல்லை; அதற்கே கம்ப்ரஷனை 10-இலிருந்து 9.5-க்கு இறக்கி, கிளட்ச்சையும் பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளையும் பலப்படுத்தியது. அந்தப் பொறியாளர்கள் கோழைகள் என்று நினைப்பவர் உங்களில் இருந்தால், உடைந்தால் பணம் கட்டப்போவது யார் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளட்டும்.

ரோட்டரி என்றாலே நீங்கள் நெஞ்சை நிமிர்த்தும் தருணம் 1991 ஜூனில் நடந்த லெ மான் 24 மணிநேரப் பந்தயம். ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55-ஆம் எண் மாஸ்டா 787பி. ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரான்ட் காஷோ மூவரும் 362 சுற்றுகள் ஓட்டி வென்றார்கள். ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல்முறை. அந்த வெற்றியின் சுவரொட்டி உங்கள் கராஜில் இருக்கலாம். அந்த எஞ்சினை எப்படி ஓட்டினார்கள் என்பதையும் அருகில் எழுதி ஒட்டுங்கள். நான்கு ரோட்டர் கொண்ட ஆர்26பி, 9,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது, இன்னும் அதிகம் தரக்கூடியது. பந்தயத்துக்கு அதை 9,000-இலும் சுமார் 700 குதிரைத்திறனிலும் கட்டிவைத்தார்கள். இருந்த திறனை எடுத்துக்கொள்ளாமல் விட்டது மாஸ்டாவின் தீர்மானம். எடைச் சலுகையும் கிடைத்தது உண்மை. போட்டிக் கார்கள் 1,000 கிலோ சுமந்தபோது 787பி-க்கு 830 போதுமாக இருந்தது. ஆனால் பந்தயத்தின் பெரும்பகுதியில் முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கடைசி மணிநேரங்களில் எஞ்சின் சூடேறி விலகியபோது, பின்னால் ஓடிக்கொண்டிருக்க ஒரு கார் வேண்டியிருந்தது. பந்தயம் முடிந்து அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோதும் உள்ளே நல்ல நிலையில்தான் இருந்தது. அந்த வெற்றியைச் சொல்லிக்கொண்டு உங்கள் 13பி-யின் பூஸ்ட்டைக் கடைசிச் சொட்டு வரை பிழிவது எந்த வகையில் அதற்குச் செய்யும் மரியாதை?

‘என் கார், என் பணம், உடைந்தால் நான் கட்டிக்கொள்கிறேன்’ என்பீர்கள். நியாயமான பேச்சு. கால் மைல் பந்தயத்துக்காக மட்டும் எஞ்சின் கட்டி, ஒரு சீசனுக்கு ஒருமுறை இறக்கிப் பார்ப்பவரிடம் இந்த மடலுக்கு எந்த வழக்கும் இல்லை. தன் எஞ்சினின் ஆயுள் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார். குறை வேறிடத்தில் இருக்கிறது. தினமும் ஓட்டப்போகிற, வாரக்கடைசியில் மலைச்சாலைக்குப் போகிற, வருடத்துக்குச் சில நாள் டிராக்கில் இறங்குகிற ஒருவர், அந்தக் கால் மைல் காரின் எண்ணைத் தன் காருக்கும் இலக்காக வைத்துக்கொள்கிறார். அது எத்தனை நாள் தாங்கியது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. விற்பனைக்கு வரும் எஃப்டிகளிலும் இதே நிலை. விளம்பரத்தில் டர்போவின் பெயர், இன்டர்கூலரின் பெயர், கணினியின் பெயர், குதிரைத்திறன் எல்லாம் வரிசையாக இருக்கும். எஞ்சின் கடைசியாகக் கட்டி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்பது இருக்காது. கார் இனி உற்பத்தியாகப் போவதில்லை. மாஸ்டா சில உதிரிபாகங்களை மீண்டும் செய்து தந்தாலும், கீறல் விழுந்த ஒவ்வொரு ஹவுசிங்கும் உலகில் இருக்கும் நல்ல ஹவுசிங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அந்த இழப்பு உங்கள் ஒருவரோடு முடிவதில்லை.

எதை முதலில் செய்வது என்று புதியவர் கேட்டால், சலிப்பூட்டும் வரிசையையே சொல்லுங்கள். காரை வாங்கும் முன்பே கம்ப்ரஷன் சோதனை. சாதாரண பிஸ்டன் எஞ்சின் மீட்டரால் பயனில்லை; அது மூன்று அறைகளில் வலுவானதை மட்டும் காட்டி, செத்துக்கொண்டிருக்கும் மற்ற இரண்டை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்று இருக்கும் கருவி, ரோட்டருக்கு மூன்றாக ஆறு எண்களைத் தனித்தனியே தரும். எத்தனை சுற்றில் அளந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த எண்கள் நன்றாக இருந்தால் பணம் முதலில் கூலிங்குக்கு. பிறகு, இரட்டை டர்போவை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் வெற்றிடக் குழாய்களின் அந்தச் சிக்கல் முழுவதையும் சிலிக்கோனில் மாற்றும் வேலை. பெட்ரோல் குழாய்களும் பம்ப்பும். எண்களைக் காட்டும் மீட்டர்கள். அதன் பிறகே கணினி; அதை எழுதுபவர் ரோட்டரியில் கை பழகியவராக இருக்க வேண்டும். சீல்களுக்கு எண்ணெய் விடும் பம்ப்பைப் பிடுங்கியெறியச் சொல்லும் அவசர யோசனைகளுக்குக் காது கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்; அதைக் கழற்றுவதானால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் எண்ணெய் கலக்கும் கட்டுப்பாடு வேண்டும். இத்தனையும் முடிந்தபின் மிச்சமிருக்கும் பணத்தில் குதிரைத்திறன் வாங்கட்டும். தொழிற்சாலை டர்போக்களோடு, நல்ல கூலிங்கோடு, 300-ஐ ஒட்டி நிற்கும் 1,300 கிலோவுக்கும் குறைவான கார் மெதுவான கார் என்று யாராவது சொன்னால், அவர் அதை ஓட்டிப் பார்த்தவராக இருக்க வாய்ப்பில்லை.

இனி உங்களிடம் கேட்பது. உங்கள் காரின் குதிரைத்திறனை எங்கே சொன்னாலும், உரிமையாளர் சந்திப்பில் ஆனாலும் விற்பனை விளம்பரத்தில் ஆனாலும், அதே மூச்சில் பூஸ்ட் எவ்வளவு, எந்தப் பெட்ரோல், சக்கரத்தில் அளந்ததா என்பதைச் சொல்லுங்கள். எஞ்சின் கட்டி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, அந்த பூஸ்ட்டில் எத்தனை ஓடியது, டிராக்கில் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், அப்போது கூலன்ட் எத்தனை டிகிரி ஏறியது என்பதையும் சொல்லுங்கள். உடைந்திருந்தால் உடைந்ததைச் சொல்லுங்கள். எந்த சீல், எந்த ரோட்டர், காரணம் என்று நீங்கள் நினைப்பது எது என்று எழுதுங்கள். டியூனர் பெயரைக் கெடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. 380-இல் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினின் சொந்தக்காரர் உங்கள் நடுவே இருந்தால், 500-க்குக் கை தட்டுவதற்கு முன் அவரைப் பேசவிடுங்கள்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. இந்த மாதமே ரோட்டரி மீட்டர் வைத்திருக்கும் பட்டறை ஒன்றில் எஞ்சினைச் சூடாக்கி ஆறு எண்களையும் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் போட்டு, சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.